குட்டிக்குப் போக மிச்சம்

தேங்காய்ப்பட்டணத்து ஆடுகள் மேயப் போவதில்லை. இலைதான் அவற்றிடம் வருகிறது. மீன்பிடித் துறைமுகத்தை விட்டு மேட்டுக்கு ஏறும் எந்த இடவழியில் சாயங்காலம் நடந்தாலும், தோளில் துறட்டிக் கம்பும் கக்கத்தில் பிலாக்கொப்புமாக ஒரு பெண் எதிரே வருவார். முறிந்த நுனியிலிருந்து பால் சொட்டிக்கொண்டிருக்கும். அவர் வாசலை எட்டுமுன்பே உள்ளே ஆடு குரல் கொடுக்கத் தொடங்கிவிடும்.

குமரி மாவட்டத்தில் குழித்துறையாறு கடலில் சேரும் இடம் இது. 1860இல் திருவிதாங்கூர் அரசு வெட்டத் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. வெளியூர்க்காரர்களுக்குத் தேங்காய்ப்பட்டணம் தெரிந்ததெல்லாம் பெரும்பாலும் தோப்பில் முகமது மீரானின் எழுத்து வழியாகத்தான். அதனால் பெயரைச் சொன்னதும் கடலும் பள்ளிவாசலும் தென்னந்தோப்பும் மனத்தில் எழும். நான் சொல்லவருவது கடலுக்கு முதுகு காட்டிக் கிடக்கும் மேட்டுப்புறத்தைப் பற்றி, அங்குள்ள விளைகளைப் பற்றி.

வீட்டைச் சுற்றிக் கிடக்கும் பத்து சென்ட், இருபது சென்ட் நிலத்தை நாங்கள் விளை என்போம். பழைய விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களில் ஊர்ப்பெயர்கள் பலவும் விளை என்றே முடியும். ஒரு விளையில் தென்னை நிற்கும், பிலா நிற்கும், அயனியும் மாவும் புளியும் நிற்கும். அவற்றின் மேல் மிளகுக்கொடி ஏறியிருக்கும். அடியில் வாழையும் மரச்சீனியும் சேம்பும். 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேர் அளவில் வாழும் மாவட்டம் இது. மேய்ச்சல் நிலத்துக்கு இங்கே இடமே இல்லை. குமரி மாவட்டம் முழுவதையும் நாஞ்சில் நாடு என்று வெளியில் சொல்கிறார்கள். நெல் விளையும் நாஞ்சில் நாடு கிழக்கே, தோவாளையும் அகஸ்தீஸ்வரமும். அங்கே வைக்கோல் உண்டு, ஆகவே மாடு உண்டு, எருமை உண்டு. மேற்கே வைக்கோலை விலை கொடுத்துத்தான் வாங்கவேண்டும். ஆனால் நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேலே பச்சை. அந்தப் பச்சையைப் பாலாக்கித் தரக்கூடிய விலங்கு ஆடு ஒன்றுதான்.

தூத்துக்குடி, விருதுநகர் பக்கத்துக் கன்னி ஆட்டையும் கொடி ஆட்டையும் பார்த்தவர்களுக்கு எங்கள் ஆடு வேறு பிறவியாகத் தெரியும். அவை நீண்ட கால்களோடு கரிசலில் நாளெல்லாம் நடப்பவை. மந்தை, பட்டி, கிடை, கூடவே நாய் என்று ஒரு முழு வாழ்க்கை அவற்றுக்கு இருக்கிறது. அவற்றின் பால் குட்டிக்கே சரியாகப் போய்விடும், மனிதருக்குக் கறி. இங்கே மந்தை இல்லை, இடையரும் இல்லை. ஒரு வீட்டில் ஓர் ஆடு, மிஞ்சினால் மூன்று. அவற்றை வளர்ப்பவர்கள் பெண்கள். வீட்டு வேலைகளுக்கு நடுவே இதுவும் ஒன்றாக நடக்கும். பெரும்பாலும் தலைச்சேரி ஆடு, அல்லது தலைச்சேரி ரத்தம் கலந்தது. மலபார் கரையில் உருவான இனம். அரபிக் கடல் வழியாக வந்த வணிகர்களின் ஆடுகள் அந்தக் கரையின் நாட்டு ஆடுகளோடு கலந்து பிறந்தது என்று அதன் வரலாற்றைச் சொல்கிறார்கள். வெள்ளை, கறுப்பு, தவிட்டு நிறம், இவை கலந்த புள்ளி என்று எல்லா நிறத்திலும் இருக்கும். ஒரே ஈற்றில் இரண்டு குட்டி என்பது அதற்கு இயல்பு, மூன்றும் அரிதில்லை.

கப்பல் காலத்தில் ஆடு பயணச் சாமானின் ஒரு பகுதியாகவே இருந்தது. கெட்டுப்போகாத பாலை நடுக்கடலில் வைத்துக்கொள்ள வேறு வழி இருக்கவில்லை. கேப்டன் குக்கின் ‘என்டெவர்’ கப்பலில் பாலுக்காக ஒரு பெட்டை ஆடு இருந்தது. குக்கோடு புறப்படுமுன்பே ‘டால்ஃபின்’ கப்பலில் உலகை ஒருமுறை சுற்றி வந்த ஆடு அது. இரண்டாம் சுற்றையும் முடித்து 1771இல் இங்கிலாந்து திரும்பி, அடுத்த ஆண்டு செத்தது. அதன் கழுத்துக்காக சாமுவேல் ஜான்சன் லத்தீனில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். இந்தியத் துறைமுகங்களிலிருந்து பாலுக்கென்று ஏற்றிச் செல்லப்பட்ட யமுனைக்கரை ஜமுனாபாரி ஆடுகளும், வழியில் ஏறிய பிற கீழ்த்திசை ஆடுகளும் இங்கிலாந்து ஆடுகளோடு கலந்தே ஆங்கிலோ-நூபியன் என்ற இனம் உண்டானது. அரபு வணிகம் நடந்த பழைய துறையான எங்கள் ஊரிலும் கப்பலிலிருந்து இறங்கிய ஆடு உண்டா என்பதற்கு எழுத்துச் சான்று தேடுவதில் எனக்கு ஆர்வமில்லை. தேங்காயும் கயிறும் ஏறிய கரையில் ஆடும் ஏறி இறங்கியிருக்கும்.

ஆடு தின்னும் விதத்தைக் கொஞ்ச நேரம் பார்க்கவேண்டும். மாடு நாக்கைச் சுழற்றிப் புல்லை வாரி உள்ளே இழுக்கும். ஆட்டின் மேலுதடோ விரல்போல வேலை செய்கிறது; ஒரு கொப்பில் எந்த இலை முற்றியது, எது பூஞ்சை பிடித்தது என்று தடவிப் பார்த்தே எடுக்கும். தரையில் கிடந்ததை மோந்துவிட்டு விலகும். கொப்பைத் தலைக்கு மேலே கட்டித் தொங்கவிட்டால் முன்னங்கால்களைச் சுவரில் ஊன்றி எழுந்து நின்று ஆசையாகத் தின்னும். இதை ஆட்டின் செருக்கு என்று சிலர் திட்டுவார்கள். எனக்கு அது அறிவு என்றே படுகிறது. இரண்டு பருவமழையும் பெய்யும் எங்கள் மண்ணில் ஈரம் காய்வதேயில்லை. ஆட்டின் ரத்தத்தைக் குடிக்கும் வயிற்றுப் புழுக்களின் இளம்பருவம் ஈரப் புல்லின் நுனியில்தான் காத்திருக்கிறது. தலைக்கு மேலே தின்னும் ஆட்டை அது எளிதில் எட்டாது. தரையிலிருந்து உயர்த்திப் பலகைச் சட்டம் அடித்த பரண் கொட்டிலும் இதே காரணத்துக்காகத்தான். புழுக்கை இடுக்கு வழியே கீழே விழும்; ஆடு ஈரத்தில் படுக்காது. விழுந்த புழுக்கை மிளகுக்கும் தென்னைக்கும் போகும். ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறுவருடம் என்பது எல்லா ஊர் விவசாயிக்கும் தெரிந்த கணக்கு.

இலைகளில் பிலாவுக்கு நிகர் கிடையாது. கஞ்சி குடிக்க இலையை மடக்கி ஈர்க்கு குத்திக் கோட்டிக்கொள்வார்கள். குடித்து முடித்ததும் அதை ஆட்டிடம் வீசுவார்கள். கஞ்சியின் உப்பும் பருக்கையும் ஒட்டியிருக்கும் அந்த இலைக்காகக் குட்டிகள் முட்டிக்கொள்ளும். பிறகு அகத்தி, முருங்கை, பூவரசு, முள்முருங்கை. கறவை ஆட்டுக்குத் தேங்காய்ப் பிண்ணாக்கு ஒரு கை, கஞ்சித் தண்ணீர் ஒரு சட்டி. விளைக்கு வெளியிலிருந்து வாங்கவேண்டியது அனேகமாக எதுவும் இல்லை.

ஒரு இலையை மட்டும் எட்டாத தூரத்தில் வைக்கவேண்டும். மரச்சீனி, அதாவது மரவள்ளி இலை. 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா ஊக்குவித்துப் பரப்பிய கிழங்கு அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து அரிசிப் பஞ்சத்தில் திருவிதாங்கூரின் ஏழைகள் உயிர் பிழைத்தது அதனால்தான். அதே செடியின் பச்சை இலையை ஆடு மென்றால் இலைக்குள் தனித்தனியே இருந்த இரண்டு பொருள்கள் ஒன்று சேர்ந்து ஹைட்ரஜன் சயனைடு பிறக்கிறது. ரத்தத்தில் பிராணவாயு நிறைய இருக்கும், ஆனால் உடம்பின் அணுக்களால் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடியாது. நல்ல தீனி தின்று நிறைந்த வயிற்றோடு, சிவந்த ரத்தத்தோடு, ஆடு சில நிமிடங்களில் மூச்சு முட்டி விழுந்துவிடும். கால்நடை மருத்துவர் வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். வெட்டி வெயிலில் நன்றாக உலர்த்திய இலையில் நஞ்சு பெருமளவு போய்விடுகிறது. அதைக் கொஞ்சமாகக் கொடுப்பவர்கள் உண்டு. ரப்பர் இலையிலும் இதே நஞ்சு இருக்கிறது. மரச்சீனி பிடுங்கும் நாளில் எங்கள் வீடுகளில் முதல் வேலை ஆட்டைக் கட்டுவது, இரண்டாவது முடிச்சைச் சரிபார்ப்பது.

இனிப் பாலுக்கு வருகிறேன். பசுவுக்குக் காம்பு நான்கு, ஆட்டுக்கு இரண்டு. என் சிந்தனை முழுவதும் இந்த இரண்டைச் சுற்றியே இருக்கிறது.

ஐந்து மாதம், 150 நாள் சினை. குட்டி போட்டதும் முதல் மூன்று நாலு நாள் சீம்பால். அதில் கை வைப்பது கூடாது. அதன் பிறகு எங்கள் வீட்டில் பாட்டி காலம் முதல் இருந்த வழக்கம், ஒரு காம்பு குட்டிக்கு, ஒரு காம்பு வீட்டுக்கு. குட்டியை முதலில் விடுவார்கள். அது முட்டி முட்டிக் குடிக்கும்போதுதான் ஆடு பாலை இறக்கும். பிறகு ஒரு பக்கத்தில் குட்டி, மறுபக்கத்தில் மனிதர். ஒரே மடியில் இருவரும் ஒரே நேரத்தில் கை வைத்திருப்பார்கள். குட்டியின் மூச்சு கறப்பவரின் மணிக்கட்டில் படும். தனக்கு எவ்வளவு, அதற்கு எவ்வளவு என்ற கேள்வியை அங்கே உட்கார்ந்தபடி யாராலும் மறக்க முடியாது.

ஒரு குட்டி என்றால் கணக்கு எளிது. ஆனால் நம்முடையது தலைச்சேரி, இரட்டைக்குப் பேர்போனது. இரண்டு குட்டி பிறந்தால் இரண்டு காம்பும் நிறைந்துவிடும், வீட்டுக்கு இடமில்லை. மூன்று பிறந்தால் பலமில்லாதது எப்போதும் வெளியே தள்ளப்படும். அதற்குப் புட்டியில் ஊட்டவேண்டும், ஊட்டுவதற்கான பாலையும் அதே மடியிலிருந்துதான் எடுக்கவேண்டும். நல்ல இலை தின்னும் ஆடு ஒரு நாளில் ஒரு லிட்டரைத் தொடலாம், அவ்வளவுதான். எது அதிகம் ஈனுகிறதோ அதனிடம் நமக்கான பால் குறைவு. இந்த முரணை எந்த இனவிருத்தியும் முழுக்கத் தீர்த்துவிடவில்லை. கேரளத்தின் மண்ணுத்தியில் இந்த மலபார் ஆட்டை ஆல்பைன், சானன் கிடாக்களோடு கலந்து பாலைக் கூட்டப் பார்த்தார்கள். பால் கூடியது, கூடவே தீனியும் கவனிப்பும் கூடின. பெரிய பால்பண்ணைகளின் தீர்வு வேறு. குட்டியைப் பிறந்தவுடன் பிரித்துவிட்டு, கரைத்த பால்மாவை அதற்குக் கொடுத்து, மடி முழுவதையும் எந்திரத்துக்கு விடுவது. பண்ணைக் கணக்கில் அது சரியாக வரும். அங்கே கறப்பவருக்கு எதிரே இன்னொரு வாய் இல்லை. எனக்கு அது ஒரு இழப்பாகவே தெரிகிறது. பாலின் உரிமைக்காரர் யார் என்பது தினம் இரண்டு வேளை கண்ணெதிரே தெரியவேண்டும் என்று நினைக்கிறேன்.

நம்முடைய பழைய கணக்குப் புத்தகங்களான கல்வெட்டுகளில் இந்தப் பங்கு எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்கு அணையாமல் எரிய நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் விதிக்கின்றன. உழக்கு என்பது நாழியில் கால்வாசி. கால் நாழி நெய்க்கு 96 ஆடா என்று முதலில் தோன்றும். மடியோடு பழகியவர்களுக்கு அந்த எண் புரியும். 96இல் எல்லாமே ஒரே நேரத்தில் கறவையில் இருக்காது. சில சினையாக இருக்கும், சில வற்றியிருக்கும், சில இன்னும் பருவத்துக்கு வந்திருக்காது. கறவையில் இருப்பதற்கும் குட்டி இருக்கும். இடையர் வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள். இத்தனை பேரும் குடித்தபின் மிஞ்சுவதிலிருந்து உழக்கு நெய். அந்தப் பெரிய எண்ணில் குட்டிக்கும் இடையருக்கும் இடம் விட்டிருக்கிறது என்றே நான் வாசிக்கிறேன். அரசனின் விளக்குக்கு வரிசையில் கடைசி இடம்தான்.

அந்த ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று குறித்தார்கள். தனி ஆடு சாகும், மூப்படையும், எண்ணிக்கை குறையக்கூடாது. செத்ததற்குப் பதில் ஒன்றை இடையர் சேர்க்கவேண்டும். பெருகியதை அவர் வைத்துக்கொள்ளலாம். பெருகியவற்றில் பாதி கிடாக்குட்டிகள். அவை எங்கே போயின என்று கல்வெட்டு சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இருந்திருக்காது, எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அதைப் பற்றிப் பேசாமல் ஆட்டுப்பாலைப் பற்றிப் பேசுவது நேர்மையில்லை. குட்டி இல்லாமல் பால் இல்லை. பிறப்பதில் சரிபாதி ஆண். ஓர் ஊருக்கு ஒரு நல்ல கிடா போதும். அதுவும் தனியாக, தள்ளிக் கட்டப்பட்டிருக்கவேண்டும், இல்லையென்றால் அதன் வாடை பாலில் ஏறிவிடும். மற்றவை கறிக்கு. எங்கள் ஊரில் குழந்தை பிறந்தால் அகீகா கொடுக்கும் வழக்கம் உண்டு, ஆணுக்கு இரண்டு ஆடு, பெண்ணுக்கு ஒன்று. ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் குர்பானி. அதற்கு ஊனமில்லாத, வயது நிரம்பிய கிடா வேண்டும். காது கிழியாமல், கால் நொண்டாமல் வளர்த்தெடுக்க ஒரு பெண் அதற்குப் பிலா இலை ஒடித்துப் போட்டிருக்கிறார், மழையில் கூடவே விழித்திருக்கிறார், பெயர் வைத்துக் கூப்பிட்டிருக்கிறார். கொடுக்கிற அன்று அவர் வாசலுக்கு வரமாட்டார். நபிமார்கள் எல்லோரும் ஆடு மேய்த்தவர்கள் என்று ஹதீஸில் வருவதை எங்கள் ஊர் மதரஸாப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆடு வளர்ப்பவருக்கு இரக்கமும் கண்டிப்பும் ஒரே கையில் இருந்தாக வேண்டும் என்பதால்தான் அந்தப் பயிற்சி என்று என் மனத்துக்குப் படுகிறது. கிறிஸ்தவ, இந்து வீடுகளிலும் இதே ஆடு, இதே இலை, கொடைக்கும் திருநாளுக்கும் போகும் இதே கிடா.

ஆட்டுப்பால் ஒரு வீட்டுக்குள் என்ன செய்யும் என்பதை வைக்கம் முகம்மது பஷீரைவிட நன்றாகச் சொன்னவர் இல்லை. 1959இல் வெளிவந்த ‘பாத்துமாவின் ஆடு’ முழுக்க முழுக்க ஒரு கறவை ஆட்டின் கதை. அந்த ஆடு அவருடைய ‘பால்யகால சகி’யையும் ‘சப்தங்க’ளையும் தின்றதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது பால். ஆடு ஈன்றதும், பாத்துமாவுக்குத் தெரியாமல் வீட்டுப் பெண்கள் அதைக் கறந்துகொள்கிறார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. வீடு நிறைய வாய்கள், கையில் காசில்லை, முற்றத்தில் ஒரு மடி. குட்டிக்கும் உடைமைக்காரிக்கும் வீட்டுக்கும் நடுவே அந்தக் கொஞ்சம் பால் படும் பாட்டை அறிந்தவர்கள் சிரித்துக்கொண்டே கண் கலங்குவார்கள்.

பால் கூட்டுறவுச் சங்கத்தின் வண்டி ஆட்டுப்பாலுக்காக நிற்பதில்லை. உலகில் ஆட்டுப்பால் அதிகம் கறக்கும் நாடு இந்தியா. ஆனாலும் நாட்டின் மொத்தப் பாலில் அதன் பங்கு நூற்றுக்கு மூன்று அளவில்தான். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 14.88 கோடி ஆடுகள், தமிழ்நாட்டில் ஒரு கோடியை ஒட்டி. தமிழ்நாட்டில் இவற்றை யாரும் லிட்டரில் எண்ணுவதில்லை, கிலோவில்தான் எண்ணுகிறார்கள். 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடு திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆடுகள் கொடுத்தபோதும் பேச்சு குட்டியும் கறியும் விலையும் பற்றித்தான் இருந்தது. பால் என்ற சொல் வரவில்லை. வீட்டுக்குள்ளேயே கறந்து வீட்டுக்குள்ளேயே தீர்ந்துவிடுவதால் அது கணக்கில் ஏறுவதில்லை; பெண்களின் மற்ற வேலைகளைப் போல.

ஊருக்குள் ஆட்டுப்பால் மருந்தாகவே அறியப்படுகிறது. கொழுப்புத் துளிகள் சிறியவை, திரிந்தால் தயிர்க்கட்டி மிருதுவாக இருக்கும். பசும்பால் ஒத்துக்கொள்ளாத சிலருக்கு இது எளிதாக இறங்குகிறது. அதே காரணத்தால் ஏடு சரியாகப் பிரியாது, வெண்ணெய் எடுப்பது பெரும்பாடு. டெங்கு பரவும் மாதங்களில் ரத்தத் தட்டணுக்கள் கூடும் என்று நம்பி எங்கெங்கிருந்தோ பாட்டிலோடு வருவார்கள், சொன்ன விலை கொடுப்பார்கள். மருத்துவம் அதை நிறுவவில்லை. அந்த நாட்களில் குட்டியின் காம்பும் விலைக்குப் போய்விடும் என்பதை நான் கண்டிருக்கிறேன். காய்ச்சல் வீட்டின் தவிப்பும் புரிகிறது, குட்டியின் கத்தலும் கேட்கிறது. தாயில்லாப் பிள்ளைக்கு ஆட்டுப்பால் என்ற பழைய நம்பிக்கையையும் கைவிடத்தான் வேண்டும். அதில் ஃபோலேட் மிகக் குறைவு. ஆட்டுப்பாலை மட்டுமே குடித்து வளர்ந்த கைக்குழந்தைகளுக்கு ரத்தசோகை வருவதை 1920களிலேயே ஜெர்மானிய மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்கு அது தாய்ப்பாலுக்கு ஈடில்லை.

பச்சையாகக் குடிப்பவர்களுக்கு மால்டாவின் கதையைச் சொல்லவேண்டும். எங்களூர் போலவே கடலோடு வாழும் தீவு அது. ஆடுகளை வாசல் வாசலாக ஓட்டிவந்து கேட்டவர் எதிரிலேயே கறந்து கொடுப்பார்கள். அங்கிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களை விடாத காய்ச்சல் ஒன்று வாட்டியது. 1887இல் டேவிட் புரூஸ் அதன் கிருமியைக் கண்டார். அது எங்கிருந்து வருகிறது என்று தெரிய மேலும் 18 ஆண்டுகள் ஆயின. 1905இல் தெமிஸ்டோக்ளிஸ் ஸம்மிட் என்ற மால்டா மருத்துவர், பார்வைக்கு எந்தக் குறையுமில்லாத ஆடுகளின் ரத்தத்தில் அதன் தடயத்தைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டு படைமுகாமில் ஆட்டுப்பாலை நிறுத்தினார்கள், காய்ச்சல் சடசடவென்று குறைந்தது. கொதிக்க வைத்தால் போதும், இவ்வளவும் தேவையில்லை.

காந்தியின் ஆட்டுப்பாலும் இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. கறவைப் பசுக்களும் எருமைகளும் படும் கொடுமையை அறிந்து பாலே தொடுவதில்லை என்று அவர் உறுதி எடுத்திருந்தார். 1919 தொடக்கத்தில், நோயில் படுத்து உடம்பு தேறாமல் கிடந்தபோது, உறுதி எடுத்த வேளையில் மனத்தில் இருந்தது பசுவும் எருமையும்தானே, ஆட்டுப்பால் ஆகாதா என்று கஸ்தூர்பா கேட்டார். அவர் இணங்கினார். ஆனால் உறுதிமொழியின் எழுத்தைக் காப்பாற்றி அதன் ஆன்மாவைக் கைவிட்டுவிட்டேனே என்ற வருத்தம் தன்னை விடவில்லை என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1931இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனபோதும் ஆட்டுப்பால்தான். அவருடைய குற்ற உணர்வு எனக்கு மிகவும் மதிப்புக்குரியது. ஆட்டுக்கும் குட்டி உண்டு என்பதை அவர் மறக்கவில்லை என்றே நான் எண்ணுகிறேன்.

இப்போது எங்கள் விளைகள் சுருங்கிக்கொண்டிருக்கின்றன. பாகம் பிரித்துப் பிரித்து இருபது சென்ட் ஐந்து சென்ட் ஆகிறது. ஐந்து சென்டில் வீடு கட்டிச் சுற்றுச்சுவர் எழுப்பினால் முதலில் போவது பிலா. வேர் சுவரைப் பிளக்கும், சக்கை காரின் மேல் விழும், தடிக்கு நல்ல விலையும் கிடைக்கும். உள்நாட்டு மேடுகளில் ரப்பர் பிடித்துக்கொண்டது. அதன் இலை ஆட்டுக்கு நஞ்சு. 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் வீசியபோது கடலில் போனவர்களின் துயரத்துக்கு முன்னால் வேறு எதையும் பேச நா எழவில்லை. மேட்டில் அன்று ஒரே இரவில் சாய்ந்த பிலாவும் அயனியும் முருங்கையும் திரும்ப வரவில்லை என்பதையும் ஒரு இடத்தில் எழுதிவைக்கவேண்டும். சில நாட்கள் ஆடுகளுக்கு இலை குவிந்து கிடந்தது. அதன் பிறகு, பரம்பரையாக ஆடு வைத்திருந்த பலர் இலைக்கு வழியில்லாமல் விற்றார்கள்.

வளைகுடாவிலிருந்து திரும்பிய இளைஞர்கள் சிலர் வங்கிக் கடன் வாங்கிப் பெரிய பரண் அமைத்து, தீவனத்தை மூட்டையாக இறக்கி, ஐம்பது நூறு என்று வளர்க்கிறார்கள். ஆட்டுக்கொல்லிக்கும் துள்ளுமாரிக்கும் காலாகாலத்தில் தடுப்பூசி போடுகிறார்கள். ஓர் ஆட்டுக்காக ஊசி தேடி அலைந்த எங்கள் பெண்களுக்கு அவர்களால் அது எளிதாகியிருக்கிறது. அவர்கள் நன்றாக வரவேண்டும் என்று விரும்புகிறேன். ஆனால் தீவன மூட்டையின் விலை ஏறும்போது அந்தப் பண்ணைகள் ஆடுகின்றன. ஒரு பிலாவும் ஓர் ஆடும் உள்ள வீட்டுக்கு அந்தப் பயம் இல்லை. அளவு சிறியதாக இருப்பதால்தான் அது நிற்கிறது, பெருக்கினால் வேறொன்றாகிவிடும். பால்பண்ணைத் தொழிலைப் பற்றி எனக்கு அறிவுரை எதுவும் கிடையாது. வீட்டு ஆட்டைப் பற்றி மட்டும் ஒன்று கேட்பேன்: வீடு கட்ட வரைபடம் போடும்போது ஒரு பிலாவுக்கு இடம் விட்டுப் போடுங்கள்.

எங்கள் இடவழியில் தனியாக இருக்கும் ஒரு மாமி சென்ற மழைக்காலத்தில் தன் ஆட்டைப் பங்குக்கு விட்டார். முட்டு வலி, துறட்டி பிடிக்க முடியவில்லை. விற்க மனமில்லை. இரண்டு வீடு தள்ளி இருக்கும் இளம்பெண், கைப்பிள்ளைக்காரி, வந்து நின்றார். நான் திண்ணையில் இருந்தேன்.

“ஆடு எனக்க பேருலதான் நிக்கும். எலையும் பாடும் உனக்கு. பால் முழுசும் நீ எடுத்துக்கோ மக்களே, குட்டிக்கு உள்ளத விட்டுட்டு.”

“குட்டி, மாமி?”

“ரெண்டு கெடந்தா ஆளுக்கொண்ணு. ஒத்தக்குட்டின்னா இந்த ஈத்து உனக்கு, அடுத்த ஈத்து எனக்கு.”

“மூணு போட்டுதுன்னா?”

மாமி யோசிக்கவில்லை. “மூணாவது உனக்குத்தான். புட்டிப்பால் குடுத்து நீ தானே வளக்கணும்.”

அந்தப் பெண் கயிற்றைக் கையில் வாங்கியபிறகும் நின்றார். கேட்கக் கூச்சப்பட்டுக் கேட்டார், செத்துப்போனால் என்ன செய்வது என்று.

“சீக்கு வந்து போச்சுன்னா நட்டம் எனக்கு,” என்றார் மாமி. “மரச்சீனி எல தின்னு போச்சுன்னா நட்டம் உனக்கு.”

அந்தப் பெண் சம்மதம் என்று தலையாட்டிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார்.